தோட்டத்தார்

சித்தூர்
12 ஜூன் 2024

அன்புத் தங்கை கேசியாவுக்கு,

நீ என் எண்ணை ஃபோனில் பிளாக் செய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அண்ணி ஜெயகுமாரியின் எண்ணையும் அப்படியே செய்துவிட்டாய். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. நம் சபைகள் சேர்ந்து வேதத்தை எளிய தமிழில் புதிதாக மொழிபெயர்க்கின்றன. அந்தக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்துத் தமிழ்ச் சபைகளிலிருந்து போயிருப்பது நான் ஒருவன்தான். பவுல் அத்தேனே பட்டணத்தில் பேசுகிற பகுதி என் பங்குக்கு வந்தது. அங்கே இரண்டு கூட்டத்தார் அவரோடு வாதாடுகிறார்கள், எப்பிக்கூரரும் ஸ்தோயிக்கரும். பழைய மொழிபெயர்ப்பில் கிரேக்கப் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். படிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. நல்ல தமிழ்ச் சொல் வேண்டும், அடியில் நாலு வரி விளக்கம் வேண்டும் என்கிறது குழு. ஜூலை 20ஆம் தேதி சென்னையில் உட்காருகிறோம்.

எப்பிக்கூரருக்கு ‘சுகபோகிகள்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நீ எம்.ஃபில். பட்டத்துக்கு எழுதியதே எப்பிக்கூரரைப் பற்றித்தானே. அதற்காகக் கிரேக்கம் படித்தாய், நைனா வேலூருக்குப் போய் உனக்கு இலக்கணப் புத்தகம் வாங்கி வந்தார். அப்புறம் இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்தினாய். அந்தக் குறிப்பு நோட்டுகள் எனக்கு வேண்டும். ஆள் அனுப்புகிறேன், கொடுத்துவிடு.

நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. பிரசங்க வேகத்தில் வாய் தவறி வந்த ஒரு வார்த்தை. தரணியைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
ஆசிர்


திருப்பதி
19 ஜூன் 2024

சித்தூர் தமிழ்ச் சபைப் போதகர் ஆசிர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஃபோனில் பேசியிருந்தால் பிற்பாடு அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள். இனிமேலும் காகிதத்திலேயே எழுதுங்கள், கையெழுத்துப் போட்டு.

வாய் தவறி வந்த ஒரு வார்த்தை என்கிறீர்கள். அந்த வார்த்தையைத்தான் தமிழில் எப்படிச் சொல்வது என்று இப்போது என்னிடமே கேட்கிறீர்கள்.

2022 பிப்ரவரி 20, ஞாயிறு ஆராதனை. நானும் என் மகள் தரணியும் இடது பக்கம் ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இதே பகுதியைத்தான் நீங்கள் பிரசங்கித்தீர்கள். நடுவில் நிறுத்தினீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “எப்பிக்கூரருன்னா எங்கியோ இருந்த கிரேக்கக்காரங்கன்னு நெனச்சிக்கினு இருக்காதீங்க. நம்ம சபையிலயே இருக்காங்க. புருசன் போயி நாலு வருசம் ஆவல, திருப்பதியில தோட்டம் வச்ச வூடு, கண்டவங்களோட குடித்தனம். துன்னு, குடி, சந்தோசமா இரு, அவ்ளோதான் அவங்க மதம்.”

சபை சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் ஐந்தாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பெயரைச் சொல்லவில்லை என்பீர்கள். சொல்லத் தேவையிருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நான் எப்பிக்கூரம்மா. பெண்கள் ஐக்கியத்தில், சபையின் வாட்ஸ்அப் குழுவில், உங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பழக்கடையில்கூட அந்தப் பெயர்தான். பாதிப் பேருக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆண்பிள்ளைகளோடு கூத்தடிக்கிறவள் என்று அவர்களாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் தரணிக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். உங்கள் சபை மாப்பிள்ளை, நீங்களே பார்த்துச் சொன்ன குடும்பம். ஏப்ரல் கடைசியில் பையனின் அம்மா வந்து நிச்சயப் புடவையைத் திருப்பிக் கேட்டார். “எப்பிக்கூரம்மா மருமவன்னு எம்புள்ளையக் கூப்புட்டா நாங்க எங்க போயி முட்டிக்கிறது” என்றார். தரணி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புடவையை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. தலை சீவிக்கொள்ளவில்லை. நான் ஊட்டினால் சாப்பிட்டாள்.

அப்போது நீங்கள் வந்து பார்க்கவில்லை. ஒரு வரி எழுதவும் இல்லை. இப்போது நோட்டு வேண்டுமென்று எழுதுகிறீர்கள்.

நோட்டுகள் பீரோவில் இருக்கின்றன, ஏழு. வேண்டுமானால் அதே பீடத்தில், அதே ஞாயிறு ஆராதனையில் ஏறி நில்லுங்கள். எப்பிக்கூரர் யாரென்று உண்மையைச் சொல்லுங்கள். தெரியாமல் அந்தப் பெயரை என் தங்கை கேசியாவுக்கு வைத்தேன், அவள் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அதுவரை ஒரு தாளும் வராது. ஆளை அனுப்ப வேண்டாம். கதவு திறக்காது.

கேசியா மோகன்ராஜ்


சித்தூர்
27 ஜூன் 2024

கேசியாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணி முதலில் பிரித்துப் படித்துவிட்டாள். போதகர் அவர்களுக்கு என்று போட்டிருக்கிறதே, யாரோ என்று நினைத்தேன் என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றவள். இப்போது நீங்கள் என்கிறாய். அது உறுத்துகிறது.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் என் பக்கத்தையும் யோசித்துப் பார். மோகன்ராஜ் போனதும் இங்கே வா, மாடியில் இரு என்று எத்தனை தடவை கூப்பிட்டேன். நீ வரவில்லை. வரலட்சுமி என்று ஒரு நர்ஸம்மாள், சந்திரசேகர் என்று ஒரு ரயில்வேக்காரர், ஒருவரும் நமக்கு உறவில்லை, நம் சபையும் இல்லை. அவர்களோடு சேர்ந்து ஒரே வீட்டில் ஒரே அடுப்பு. முந்நூறு குடும்பம் இருக்கிற சபை. “ஒங்க தங்கச்சி யாரோட இருக்குது ஐயரே” என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? எல்லாம் சேர்ந்து நெஞ்சில் இருந்தது, அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

கல்யாணம் நின்றதற்கு அந்தக் குடும்பம் பதில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தைக்குப் பெண்ணை வேண்டாமென்கிறவர்கள் நாளைக்கு அவளை எப்படி வைத்துக்கொண்டிருப்பார்கள்?

பீடத்தில் நின்று சொல்வது நடக்காது. ஒரு போதகன் ஒரு தடவை அங்கே தலைகுனிந்தால் அப்புறம் அவன் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வா. உன்னிடமும் தரணியிடமும் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

நோட்டு தர மனமில்லாவிட்டால் போகட்டும். இன்டர்நெட்டில் இல்லாததா? சுகபோகிகள் என்று உலகமே சொல்கிறது, நான் சொன்னால் மட்டும் குற்றமா?

ஆசிர்


திருப்பதி
8 ஜூலை 2024

அண்ணனுக்கு,

நீங்கள் என்று எழுதியது உறுத்தியதாம். சரி, நீ என்றே எழுதுகிறேன். கோபம் அதில்தான் ஒழுங்காக வருகிறது.

நான் யாரோடு இருக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். மோகன்ராஜ் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து மாதமும் அவருக்கு ஊசி போட்டு, உடம்பு துடைத்து, வேட்டி மாற்றிவிட்டவள் வரலட்சுமி. பக்கத்துக் கட்டிலில் சந்திரசேகரின் மனைவி இருந்தார். மோகன்ராஜ் போய்ப் பதினோராம் நாள் அந்த அம்மாவும் போய்விட்டார். சந்திரசேகர் ரேணிகுண்டாவில் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளையில்லை. வரலட்சுமி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. மூன்று பேருக்கும் தனி வீட்டில் சோறு இறங்கவில்லை. அதனால் சேர்ந்து ஒரு வீடு பிடித்தோம். கீழே அவர், மேலே நாங்கள் மூன்று பெண்கள். பின்னால் இருக்கும் இடத்தில் கீரை போட்டிருக்கிறோம். ராத்திரிக்குக் களியும் கீரையும் மோரும். நீ சபைக்குச் சொன்ன கூத்து இதுதான்.

இனி எப்பிக்கூரரைக் கேள். அத்தேனே பட்டணத்துச் சுவருக்கு வெளியே எப்பிக்கூர் என்பவர் ஒரு தோட்டம் வாங்கினார். சிநேகிதர்கள் வந்து கூடவே தங்கினார்கள். பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள், அடிமைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் எவனும் செய்யாத காரியம். சாப்பாடு ரொட்டியும் தண்ணீரும். ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்து சாப்பிடலாம் என்று அவர் சிநேகிதருக்கு எழுதியிருக்கிறார். வலி இல்லாமல், பயம் இல்லாமல், முக்கியமாகச் சாவுக்குப் பயப்படாமல் இருப்பதைத்தான் அவர்கள் இன்பம் என்றார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஒப்புதல் என்று இல்லை. நான் இன்னும் ஜெபம் செய்கிறவள்தான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த நாளில் எனக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள்.

அந்தக் காலத்திலேயே அவர்களுக்குத் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று பெயர். மற்றவர்கள் சித்திரம் தீட்டிய ஒரு மண்டபத்தில் பாடம் நடத்தினார்கள், ஸ்தோயிக்கர் என்ற பெயரே அந்த மண்டபத்திலிருந்து வந்ததுதான். வகுப்பில் நான் தோட்டத்தார், மண்டபத்தார் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். என் பிள்ளைகள் ஒரு நாளும் குழம்பியதில்லை.

பெருந்தீனிக்காரர்கள் என்ற பேச்சை யார் கிளப்பியது தெரியுமா? அந்தத் தோட்டத்தில் மெத்ரோதோர் என்று ஒருவர் கடைசிவரை இருந்தார். அவரோடு கூடப்பிறந்தவன் திமோக்ராத். அவன் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வெளியே போய், அங்கே தின்று தின்று வாந்தியெடுக்கிறார்கள், பெண்களோடு புரளுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னான். இரண்டாயிரத்து முந்நூறு வருடமாக அந்தப் பெயர் போகவில்லை. கூடப்பிறந்தவன் சொன்னதாயிற்றே, யார்தான் நம்ப மாட்டார்கள்.

இன்று காலை ஏழு நோட்டையும் நகலெடுத்து உங்கள் குழுவின் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இரண்டு சொல்லையும் விளக்கத்தையும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். இதை அண்ணன் கையில் ஏன் கொடுக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். ஒரு பொய் சேர்க்கவில்லை. பீடத்தில் நீ சொன்னது, கல்யாணம் நின்றது, தனியாக வந்தால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீ எழுதியது, எல்லாம் அப்படியே. உன் கையெழுத்துள்ள இரண்டு கடிதங்களின் நகலும் சேர்த்திருக்கிறேன்.

இருபதாம் தேதி நல்லபடியாகப் போய் வா.

கேசியா


சித்தூர்
13 ஆகஸ்ட் 2024

கேசியாவுக்கு,

மூன்று வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ நினைத்தது நடந்தது. உன் தபால் வந்து சேர்ந்ததை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. முதலில் என்னைப் பேசவிட்டார்கள். சுகபோகிகள் என்ற சொல் ஏன் பொருத்தம் என்று பத்து நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும் செயலாளர் உன் கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தார். பதினொரு பேர் இருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தோட்டத்தார், மண்டபத்தார் என்ற இரண்டையும் அடிக்குறிப்பில் எடுத்துக்கொண்டார்கள். உனக்கு நன்றிக் கடிதம் வரும். சாப்பாட்டு வேளையில் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஐயரே, நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க” என்றார். உன் நோட்டுகளின் நகலில் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

உன்னைச் சபித்துக்கொண்டேதான் ரயில் ஏறினேன். காட்பாடி வரைக்கும் அந்தக் கட்டைப் பிரிக்கவில்லை. அப்புறம் பிரித்தேன். சித்தூர் வந்ததும் இறங்கி ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்து மீதியைப் படித்தேன். ஒன்றும் தெரியாமல் முப்பது வருடம் அந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உன்மேல் கோபமும் குறையவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

நேற்று முன்தினம், ஞாயிறு, பீடத்தில் ஏறினேன். நீ கேட்டபடி பெயர் சொல்லிச் சொன்னேன். எப்பிக்கூரர் இன்னார், நான் அறியாமல் பேசினேன், என் தங்கை கேசியாவைக் கேவலப்படுத்தினேன், தரணியின் கல்யாணம் என் வாயால்தான் நின்றது என்றேன். மூப்பர் பிரகாசம் எழுந்து நின்றார். எண்பது வயது, உனக்குத் தெரியும், ஆராதனை நடுவில் பேசுகிறவர் இல்லை. “அப்ப அந்தப் பொண்ணு வாழ்க்கயக் கெடுத்தது நீங்கதான். சிரிச்ச பாவம் மட்டும் எங்களுது. அப்டித்தானே ஐயரே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையனின் அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

என்னைப் பலமநேருக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அண்ணி அழுதுகொண்டிருக்கிறாள். அதைச் சொல்லி உன்னை இளக்க வரவில்லை.

தரணிக்கு ஹரிபிரசாத் என்று ஒரு பிள்ளை பார்த்திருப்பதாகவும், லேபில் வேலை செய்கிறவர், நல்ல குணம் என்றும் கேள்விப்பட்டேன். தேதி மட்டும் தெரியவில்லை. தாய்மாமன் நான் உயிரோடு இருக்கிறேன் கேசியா. நாராயணவனத்தில் தறிக்காரரிடம் சொல்லிப் புடவை நெய்யச் சொல்லியிருக்கிறேன், அரக்கு நிறம். பார்சலில் வரும். தேதி எழுது. எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன்.

உன் அண்ணன்,
ஆசிர்


திருப்பதி
3 செப்டம்பர் 2024

அண்ணா,

நீ பீடத்தில் பேசியதை யாரோ ஃபோனில் எடுத்து வரலட்சுமிக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று தடவை பார்த்தேன். உன் குரல் நடுங்கியது. எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைத்து நல்லவளாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

தரணியின் கல்யாணம் போன வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 30ஆம் தேதி, பதிவு அலுவலகத்தில் நடந்தது. வீட்டில் முப்பது பேருக்குச் சாப்பாடு போட்டோம்.

உன் கடிதம் 17ஆம் தேதியே வந்துவிட்டது. மறந்துபோனேன், வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்ளாதே. பதின்மூன்று நாள் என் கையில் இருந்தது. தினமும் எடுத்துப் படித்தேன். தினமும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தாய்மாமன் மாலையைச் சந்திரசேகர் போட்டார். முதலில் மாட்டேன் என்றார். “தப்பும்மா. கூடப்பொறந்த அண்ணன் இருக்கறப்ப நான் எப்டி?” என்றார். நான் விடவில்லை. நீ யாரைச் சொல்லி என்னைக் கேவலப்படுத்தினாயோ அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உன் மருமகள் மணப்பெண் நாற்காலிக்கு நடந்து போனாள். போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

மாமா வரவில்லையா என்று தரணி ஒரே ஒரு தடவை கேட்டாள். சொல்லியனுப்பினேன், பதிலில்லை என்றேன்.

உன் பார்சல் 28ஆம் தேதி வந்தது. பிரிக்கவில்லை. அவளிடம் காட்டவும் இல்லை. இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகிறது.

நீ பீடத்தில் ஐந்து நிமிடம் நின்றாய். என் மகள் மூன்று மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி எழுத வேண்டாம்.

கேசியா


சித்தூர்
21 செப்டம்பர் 2024, சனி

கேசியாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது கடைசி.

போட்டோ வந்த நாளிலிருந்து என் மேஜைமேல் இருக்கிறது. அண்ணி எடுத்து உள்ளே வைத்தாள். நான் மறுபடியும் எடுத்து வைத்தேன். சந்திரசேகர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். நீ நேராகக் கேமராவைப் பார்க்கிறாய். நான் பார்ப்பேன் என்று தெரிந்து பார்த்திருக்கிறாய்.

இன்று காலை பத்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். நான் லுங்கியோடு போய்த் திறந்தேன். தரணியும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ்ஸில் வந்தார்களாம். சந்திரசேகர்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மாமா பார்சல் அனுப்பினார், உன் அம்மா திருப்பிவிட்டாள், மனசு கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றியும் விட்டிருக்கிறார். அவரைப் பற்றி நான் பேசியதற்கு என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். புடவை எங்கே மாமா என்று கேட்டாள். அண்ணியின் அறைக்குள் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். அரக்கு நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. இரண்டு பேர் தலையிலும் கைவைத்து ஜெபம் செய்தேன். அண்ணி ஓடி ஓடிச் சமைத்தாள். மாப்பிள்ளை இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது தரணி என்னிடம் சொன்னாள்: “நீங்க பேசனத நான் மறக்கல மாமா. மறக்கவும் மாட்டேன். ஆனா எங்கம்மா கோவத்த எத்தினி நாளைக்கு நான் தூக்கிக்கினு திரியறது? எனக்கு இறக்கி வைக்கணும். அதுக்குத்தான் வந்தேன்.”

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க வந்தது அம்மாக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா தாங்கமாட்டாங்க. மாசாமாசம் வர்றோம். நீங்க மட்டும் சொல்லிடாதீங்க” என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து இன்னும் அரைமணி ஆகவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். நாளை ஞாயிறு. பீடத்தில் ஏறி இறங்கிவிட்டால் என் மனம் மாறினாலும் மாறிவிடும். அதனால் இப்போதே போய்த் தபாலில் போட்டுவிடுகிறேன்.

ஆசிர்